அப்பாகிட்ட கத்துக்கிட்ட பல் வைத்தியம்

1/ நாமக்கல் லாரியும் திருச்செங்கோடு ரிக் வண்டியும் போகாத மாநிலம் இல்லை. மொழி தெரியாத ஊர்ல பல்வலி வந்தா யாரை நம்புவீங்க? பதில் வரலாற்றுல இருக்கு.

2/ கல்கத்தாவில் 1920-ல் டாக்டர் ஆர். அகமது தொடங்கினதுதான் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அதுவரை பெரும்பாலும் கைப்பழக்க வைத்தியம்தான்.

3/ 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் பெற்றவங்க 'ஏ' பிரிவு. பட்டம் இல்லாம ஏற்கனவே தொழில்ல இருந்தவங்க பிழைப்பு போகக்கூடாதுன்னு 'பி' பிரிவு. அந்தச் சலுகை வாரிசுக்குக் கைமாறாது. "அப்பாகிட்ட கத்துக்கிட்டேன்"னு சொல்ற ரோட்டோர வைத்தியர்கிட்ட வாயைத் திறக்காதீங்க. சுத்தம் செய்யாத கருவி வழியா ஹெபடைடிஸ் பி, சி பரவலாம்.

4/ அப்போ குறைஞ்ச செலவுக்கு? சென்னையில் 1953-லேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. இன்னைக்கு சேலம், திருச்செங்கோட்டிலும் கல்லூரிகள் இருக்கு. மாணவர்கள் பார்ப்பாங்க, பேராசிரியர் மேற்பார்வை இருக்கும். நேரம் ஆகும், செலவு குறையும்.

5/ எந்த ஊரானாலும் ஆட்டோக்காரர்கிட்ட "டென்டல் காலேஜ்"னு சொல்லுங்க. புரியும்.

6/ முகம் வீங்கி, காய்ச்சலோட விழுங்கவும் வாய் திறக்கவும் கஷ்டமா இருந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. லோடு இறக்கிட்டுப் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க.