அரசனின் வரலாறும் அன்பரின் தராசும்

இறந்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் மரபு. இழவு வீட்டில் எவரும் மறைந்தவரின் குறைகளை எடுத்துரைப்பதில்லை. ஆனால் மறைந்தவர் கோடிக்கணக்கான மக்களின் உள்ளத்தில் குடிகொண்டவராய் இருப்பின், அவரது அடக்கம் முடிந்த கையோடு நூல்கள் வரத் தொடங்குகின்றன. தோளில் கைபோட்டுப் பழகியவரும் எழுதுகிறார். ஒருமுறையும் நேரில் காணாதவரும் எழுதுகிறார். புகழ்வோரும் உளர், பழிப்போரும் உளர். அவரை நேசித்த எளிய அன்பர் எந்த நூலை நம்புவார்? எதை ஏற்பார், எதைத் தள்ளுவார்?

எல்விஸ் பிரெஸ்லி என்னும் அமெரிக்கப் பாடகரின் அன்பர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இவ்வினாவை எதிர்கொண்டு வருகின்றனர். அவரது இசையை விரும்பாதவரும் அந்த அன்பர்களின் அனுபவத்தில் கற்றுக்கொள்ளச் சில உண்டு. உண்மையும் அன்பும் ஒன்றையொன்று விலக்குமா, தாங்குமா என்பதே அதில் அடங்கியுள்ள கேள்வி.

எல்விஸ் 1935 சனவரி 8 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் டூப்பெலோ என்னும் சிற்றூரில், தந்தை வெர்னன் கட்டிய இரண்டு அறை வீட்டில் பிறந்தார். உடன்பிறந்த இரட்டைக் குழந்தை உயிரின்றியே பிறந்தது. பெந்தகோஸ்து சபையொன்றின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தார். 1948-இல் குடும்பம் மெம்ஃபிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1954 சூலையில், பத்தொன்பது வயதில், சாம் பிலிப்ஸ் என்பவரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் பாடிய பாடல் அவருக்கு உலகின் கதவைத் திறந்தது. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் அறிந்த முகமானார். 'அரசர்' என்று மக்கள் அழைத்தனர். 1977 ஆகஸ்ட் 16 அன்று, நாற்பத்திரண்டாம் வயதில், கிரேஸ்லேண்ட் என்னும் தம் மாளிகையில் இறந்தார். அந்த ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்தளவுகள் அவருக்கு எழுதித் தரப்பட்டிருந்தன என்பது பின்னர் நடந்த விசாரணைகளில் வெளிப்பட்டது. அவர் பெற்ற கிராமி விருதுகளில் போட்டியிட்டு வென்றவை மூன்று. மூன்றுமே இறைப்புகழ்ப் பாடல்களுக்காகக் கிடைத்தவை. செபமாலையைப் பொருளாகக் கொண்ட பாடலொன்றையும் 1971-இல் பதிவு செய்தார். ஒரே மனிதரிடம் இத்தனையும் இருந்தன. வரலாறு எழுதுவோரின் இடர்ப்பாடும் இங்குதான் தொடங்குகிறது.

அவர் வாழ்ந்திருந்தபோதே, 1971-இல், ஜெர்ரி ஹாப்கின்ஸ் என்னும் இதழாளர் முறையானதொரு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அது பெரும் புயல் எதையும் கிளப்பவில்லை. புயல் வந்தது 1977-இல். பல்லாண்டு அவருடன் இருந்து, முந்தைய ஆண்டு வேலையிலிருந்து நீக்கப்பட்ட மெய்க்காப்பாளர் மூவர், ஸ்டீவ் டன்லீவி என்னும் செய்தியாளர் வழியாகத் தங்கள் நினைவுகளை நூலாக்கினர். எல்விஸ் மருந்துகளுக்கு அடிமையாகிவிட்டார் என்பதே அதன் சாரம். நூல் வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அவர் இறந்தார். அன்பர்களின் துயரம் அந்த மூவர்மேல் சினமாகத் திரும்பியது. அவர்களை யூதாசு என்றே பலர் கருதினர். எல்விசை விழித்தெழச் செய்யவே எழுதினோம் என்று அவர்கள் கூறியதை நம்புவார் அன்று குறைவு.

காலம் சென்றபின் ஒன்று தெளிவாயிற்று. வேலையிழந்த கசப்பு அந்நூலில் இருந்தது உண்மை. அதற்காகப் பணம் பெற்றதும் உண்மை. ஆயினும் அதன் மையச் செய்தி பொய்யன்று. கசந்த நாவிலிருந்தும் உண்மை வரக்கூடும் என்பதை ஏற்க அன்பர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் கற்ற முதற்பாடம் இது: சொல்பவரின் நோக்கத்தை ஐயுறலாம், ஆனால் நோக்கம் கெட்டது என்பதாலேயே செய்தி பொய்யாகிவிடாது.

1981-இல் ஆல்பர்ட் கோல்ட்மனின் பெருநூல் வெளிவந்தது. அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்; எல்விசின் நெருங்கிய வட்டத்தினர் ஒருவரின் துணையோடு உழைத்துச் செய்திகளைத் திரட்டியவர். மெய்க்காப்பாளரைப்போல் அவருக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் ஏதும் இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் இகழ்ச்சி ததும்பியது. எல்விசின் உடல், உணவு, வீட்டின் அலங்காரம், ஏழைப் பெற்றோர், அவர்கள் பிறந்த தென்மாநில மண் என எல்லாமே ஏளனத்துக்குரியன ஆயின. அதே ஆண்டில் இசைத் திறனாய்வாளர் கிரைல் மார்கஸ் கடுமையான மறுப்புரை எழுதினார். ஒரு மனிதரை மட்டுமன்றி, அவரை உருவாக்கிய மக்களையும் பண்பாட்டையுமே அந்நூல் இழிவுபடுத்துகிறது என்பது அவரது வாதத்தின் கரு. அன்பர்களும் அதையே உணர்ந்தனர். ஏனெனில், அவர்களுள் பலர் அதே ஏழைக் குடும்பங்களின் மக்கள்.

ஒரே செய்தி இரு கைகளில் எவ்வாறு மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். எல்விசுக்கு மூன்று வயதானபோது, 1938-இல், தந்தை வெர்னன் சிறை சென்றார். ஒரு பன்றியை விற்றதற்குக் கிடைத்த சிறுதொகைக் காசோலையைத் திருத்தியது குற்றம். இதை ஓர் இழிந்த குலத்தின் அடையாளமாகவும் எழுதலாம். பஞ்ச காலத்தில் சில டாலருக்காகத் தடுமாறிய ஒரு தகப்பனின் கதையாகவும், வீட்டை இழந்து குழந்தையோடு அலைந்த ஒரு தாயின் கதையாகவும் எழுதலாம். 1985-இல் எலெய்ன் டண்டி என்னும் எழுத்தாளர் எல்விசையும் அவர் தாய் கிளாடிசையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்காக டூப்பெலோவுக்கே சென்று தங்கி, அண்டை அயலாரைக் கேட்டறிந்தார். குற்றத்தை மறைக்காமலே குடும்பத்தின் மானத்தைக் காக்க முடியும் என்பதை அந்நூல் காட்டியது.

பழிப்போரிடம் மட்டுமா பிழை? அன்பும் பிழை செய்யும். எல்விஸ் இறக்கவேயில்லை, எங்கோ மறைந்து வாழ்கிறார் என்று 1980-களின் இறுதியில் நூல்கள் கிளம்பின. கல்லறையில் அவரது நடுப்பெயர் 'ஏரன்' என்பதில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதே சான்றாகக் காட்டப்பட்டது. பிரிவைத் தாங்காத உள்ளங்கள் அதைப் பற்றிக்கொண்டன. தொடக்கத் திருச்சபையிலும் இயேசுவின் இளமைப் பருவத்தைப் பற்றி வியத்தகு கதைகளைப் புனைந்த ஏற்பற்ற நூல்கள் தோன்றவில்லையா? அவற்றையும் எழுதியவர்கள் பகைவர் அல்லர்.

இத்தனைக்கும் பிறகு 1994-இல் பீட்டர் குரால்னிக் எழுதிய 'லாஸ்ட் டிரெயின் டு மெம்ஃபிஸ்', 1999-இல் அதன் தொடர்ச்சியான 'கேர்லெஸ் லவ்' ஆகிய இரு தொகுதிகள் வந்தன. நூற்றுக்கணக்கானோரை நேர்கண்டு, ஏடுகளோடு ஒப்பிட்டு, பல்லாண்டு உழைத்து எழுதப்பட்டவை. முதல் தொகுதி 1958-இல் தாயின் மரணத்தோடும், படைவீரராக எல்விஸ் செருமனிக்குப் புறப்படுவதோடும் முடிகிறது. பின்னால் வரப்போகும் வீழ்ச்சியை முன்னரே சுட்டிக்காட்டி அந்த இளைஞனைத் தண்டிக்க ஆசிரியர் முயலவில்லை. இரண்டாம் தொகுதியில் வீழ்ச்சி முழுவதும் இருக்கிறது. மருந்துகள், மணமுறிவு, உண்மை பேசத் துணியாத சுற்றத்தார், எதுவும் விடுபடவில்லை. மெய்க்காப்பாளர் கூறியதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது எனலாம். ஆயினும் இதனை அன்பர்கள் தங்கள் நூலாக ஏற்றனர். அவர்களுக்கு உண்மை வெறுப்பாய் இருந்ததில்லை. உண்மையோடு கலந்துவந்த இகழ்ச்சியே வெறுப்பாய் இருந்தது என்பது அப்போது விளங்கிற்று.

இவ்வாறு எடைபோடுவது வெறும் இலக்கியச் சுவை பற்றியதன்று, நீதி பற்றியது. 1957-இல் எல்விஸ் கறுப்பின மக்களை இழிவாகப் பேசினார் என்றொரு வதந்தி பரவியது. பாஸ்டன் நகரில் சொன்னார் என்றனர் சிலர்; புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் சொன்னார் என்றனர் வேறு சிலர். கறுப்பின மக்களின் இதழான 'ஜெட்' தன் செய்தியாளரை அனுப்பித் துருவி ஆராய்ந்தது. அவர் அந்த நகருக்குச் சென்றதுமில்லை, அந்த நிகழ்ச்சியில் தோன்றியதுமில்லை. எல்விசையே நேரில் கேட்டும், அவரை அறிந்த கறுப்பினத்தாரை விசாரித்தும், வதந்திக்கு ஆதாரமில்லை என்று அவ்விதழ் எழுதியது. 1969-இல் லாஸ் வேகாசில் செய்தியாளர்கள் முன்னிலையில் தம்மை 'அரசர்' என்று அழைத்தபோது, அங்கிருந்த கறுப்பினப் பாடகர் ஃபாட்ஸ் டோமினோவைச் சுட்டி அப்பட்டம் அவருக்கே உரியது என்று எல்விஸ் கூறியதும் பதிவாகியுள்ளது. ஆயினும் பழைய பொய் இன்றும் சாகவில்லை. 2007-இலும் குரால்னிக் அதனை மறுத்து எழுத வேண்டியிருந்தது. எங்கே சொன்னார், எப்போது சொன்னார், கேட்டவர் யார் என்னும் மூன்று எளிய கேள்விகள் ஒரு மனிதரின் நற்பெயரைக் காக்கும்.

நமது மறைக்கல்வி எட்டாம் கட்டளையை விளக்கும்போது இரு பாவங்களை வேறுபடுத்திக் காட்டுகிறது. பொய் கூறிப் பிறர் பெயரைக் கெடுப்பது அவதூறு. தக்க காரணமின்றிப் பிறரின் உண்மையான குறையை அறியாதவரிடம் வெளிப்படுத்துவது புறங்கூறல். 1957-இன் வதந்தி முதல் வகையைச் சேர்ந்தது. கோல்ட்மனின் நூலில் உண்மைகள் பல இருந்தும் நம் மனம் ஏற்க மறுப்பது இரண்டாம் வகையை நினைவூட்டுவதால் எனலாம். அப்படியானால் வரலாற்றாசிரியர் குறைகளை எழுதவே கூடாதா?

இதற்கு விவிலியமே விடை வைத்திருக்கிறது. தாவீது அரசரின் வரலாறு அதில் இருமுறை சொல்லப்படுகிறது. சாமுவேலின் இரண்டாம் நூல் பத்சேபாவை அவர் கவர்ந்ததையும், அவள் கணவன் உரியாவைச் சாகக் கொடுத்ததையும், இறைவாக்கினர் நாத்தான் நேர்நின்று கண்டித்ததையும் மறைக்காமல் கூறுகிறது. குறிப்பேடு முதல் நூலோ அதே போரைச் சொல்லி, அரசர் எருசலேமில் தங்கியதையும் சொல்லி, பாவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடந்து செல்கிறது. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடத் திருச்சபை விடவில்லை. இரண்டையும் இறைவார்த்தையாகவே போற்றிக் காக்கிறது. ஆலயப் பணிக்காகத் தாவீது செய்த ஏற்பாடுகளை அறிய நாம் குறிப்பேட்டை நாடுகிறோம். மனம் நொறுங்கி மன்னிப்பு வேண்டிய தாவீதை அறிய நமக்குச் சாமுவேல் நூல் வேண்டும். பாவம் சொல்லப்படாவிடில் மன்னிப்பின் அளவும் தெரியாமற் போகும்.

புனிதர் வரலாறுகளிலும் இதே அனுபவம் உண்டு. சிறுமலர் தெரேசாள் 1897-இல் இறந்தபின், அவர் எழுதியவற்றை உடன்பிறந்த சகோதரியே திருத்தி மெருகூட்டி 1898-இல் வெளியிட்டார். செய்தது அன்பினால்தான். ஆனால் 1956-இல் மூலக் கையெழுத்துகள் உள்ளவாறே வெளியானபோது, மெருகூட்டப்பட்ட தெரேசாவைவிட மெருகூட்டப்படாத தெரேசாவே வலிமை மிக்கவராய் விளங்கினார். 1643-இல் புனிதர் வரலாறுகளின் முதல் தொகுதிகளை வெளியிட்ட பொலாண்டியர் என்னும் இயேசு சபை அறிஞரும் கட்டுக்கதைகளைக் களைய முற்பட்டனர். அதற்காக 1695-இல் இசுபானிய விசாரணை மன்றத்தின் கண்டனத்தையும் தாங்கினர். புனிதர்மேல் பற்றில்லாதவர் அத்தகைய உழைப்பை மேற்கொண்டிருக்க மாட்டார்.

எல்விஸ் புனிதர் அல்லர். அவ்வாறு கருதுவது அவருக்கும் நன்மை செய்வதாகாது. ஆனால் அவரும் தாயை இழந்து அழுத மகன். இறைப்புகழ் பாடும்போது அமைதி கண்டவர். தம்மைச் சூழ்ந்த கூட்டத்தின் நடுவே தனித்து அழிந்தவர். அவரைச் சுற்றியிருந்தோருள் உண்மை பேச முயன்றோர் மிகச் சிலரே. தாவீதுக்கு ஒரு நாத்தான் இருந்தார்; அவர் அரசரின் முன்னிலையிலேயே பேசினார். எல்விசின் உண்மையோ அச்சேறி உலகத்தின் முன் வைக்கப்பட்டபோது அவருக்கு வாழ்நாள் எஞ்சியிருக்கவில்லை. இந்த வரலாறுகளைப் படிக்கும் நாம், நம் வீட்டிலும் பங்கிலும் யாரிடமேனும் சொல்லாமல் வைத்திருக்கும் உண்மை ஒன்று உண்டா என்று கேட்டுக்கொள்வது நன்று.

நாம் விண்ணேற்பு அன்னையின் திருநாளைக் கொண்டாடும் ஆகஸ்ட் 15 அன்று இரவு, ஆண்டுதோறும் மெம்ஃபிஸ் நகரில் அன்பர்கள் மெழுகுதிரி ஏந்தி எல்விசின் கல்லறைவரை வரிசையாக நடக்கின்றனர். அவர் எவ்வாறு இறந்தார் என்பதை அவர்கள் இன்று அறிவர். சிறைசென்ற தந்தையையும், முறிந்த மணத்தையும், மருந்துக் குப்பிகளையும் அறிவர். அறிந்தும் நடக்கின்றனர். முதலில் அவர்கள் நேசித்தது சுவரில் ஒட்டிய ஒரு படத்தை. இப்போது ஒரு மனிதரை நேசிக்கின்றனர்.