250 கிலோ பைக்கை மண்ணில் ஓட்ட யார் கற்றுக்கொடுத்தது?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடு பைக் பத்தி. ஆனா மைலேஜ், டாப் ஸ்பீடு, "எதை வாங்கலாம் ப்ரோ" இதெல்லாம் கிடையாது. இது ஒரு வரலாற்றுக் கதை.

பெரிய அட்வெஞ்சர் பைக்கை ஷோரூம்லயோ ஹைவேலயோ பார்த்திருப்பீங்க. உயரமான சீட், பறவை அலகு மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற மட்கார்டு, ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ் பைக்கை எடுத்துக்கிட்டா, பெட்ரோலோட சேர்த்து 249 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை பத்தை ரெண்டு சக்கரத்து மேல வைச்ச மாதிரி. இதை மணல்லயும் சேத்துலயும் ஓட்டலாம்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு? தோணினது இருக்கட்டும், சாதாரண ஆளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தாங்க?

இதைத் தேடிப் படிச்சப்போ எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மண் ரேஸ்ல எடை தோத்துக்கிட்டே வந்திருக்கு. ஷோரூம்ல அதே எடை ஜெயிச்சுக்கிட்டே வந்திருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை நிரப்பத்தான் ஆஃப்ரோடு பயிற்சிப் பள்ளிகள் வந்தன.

பாலைவனத்தில் வழி தவறியவர்

1977. அபிஜான்–நீஸ் ரேலியில் தியரி சாபின் என்ற பிரெஞ்சுக்காரர் பைக்கில் போகிறார். லிபியப் பாலைவனத்தில் வழி தவறிவிடுகிறார். உயிரோடு மீட்கப்பட்டு ஊர் திரும்பிய மனுஷன், இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்னு சொல்லலை. மத்தவங்களையும் அங்கே கூட்டிட்டுப் போகணும்னு முடிவு பண்ணினார்.

1978 டிசம்பர் 26 அன்று பாரிஸின் ட்ரோகாதெரோ சதுக்கத்திலிருந்து 182 வண்டிகள் செனகல் தலைநகர் டக்கரை நோக்கிக் கிளம்பின. தூரம் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தவை 74. அந்த முதல் பாரிஸ்–டக்கரை ஜெயித்தவர் சிரில் நெவ்வே, வண்டி யமஹா எக்ஸ்.டி 500. ஒற்றை சிலிண்டர், எளிமையான இன்ஜின். அடுத்த வருஷமும் அதே ஆள், அதே வண்டிதான். அதாவது, ஆரம்பத்தில் டக்கர் பெரிய பைக்கின் கதையே இல்லை.

நெருக்கடியில் பிறந்த வண்டி

அதே சமயம் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூவின் மோட்டார் சைக்கிள் பிரிவு தள்ளாடிக்கிட்டிருந்தது. ஜப்பான் கம்பெனிகள் நாலு சிலிண்டர் பைக்குகளைக் குறைந்த விலையில் கொண்டுவந்து குவித்த காலம். புதுசா ஏதாவது செய்தாகணும், ஆனா கையில் நேரமும் இல்லை, பணமும் இல்லை.

கம்பெனிக்கு உள்ளேயே ஒரு விதை இருந்தது. ஜெர்மன் ஆஃப்ரோடு சாம்பியன்ஷிப்பில் 1978-ல் 750 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குன்னு தனி வகுப்பு வந்தது. பி.எம்.டபிள்யூவின் டெஸ்ட் பிரிவில் இருந்த லாஸ்லோ பெரெஸ் அதுக்காக 800 சிசி மண் பைக் ஒன்றைக் கட்டினார். அதை ஓட்டி அந்த வருஷம் இரண்டாம் இடமும் பிடித்தார்.

புது மேனேஜ்மென்ட் அந்த ஐடியாவைப் பிடித்துக்கொண்டது. கையிருப்பில் இருந்த ரோடு பைக் பாகங்களை வைத்து, இரண்டு வருஷத்துக்குள் ஒரு வண்டி தயார். 1980 செப்டம்பரில் அறிமுகமான அதன் பேர் ஆர் 80 ஜி/எஸ். 'கெலண்டே', 'ஷ்ட்ராஸே' என்ற இரண்டு ஜெர்மன் வார்த்தைகளின் முதலெழுத்துதான் ஜி-யும் எஸ்-ஸும். மண்ணும் ரோடும்னு அர்த்தம். 797 சிசி, 50 குதிரைத்திறன், 186 கிலோ. அன்னைக்கு மண் பைக்னா இலேசான ஒற்றை சிலிண்டர் வண்டி. அந்தக் கணக்கில் இது யானை.

ஆனா அறிமுகமாகி நாலே மாசத்தில், 1981 ஜனவரியில், உபேர் ஓரியோல் அதன் ரேஸ் வடிவத்தை ஓட்டி டக்கரை ஜெயித்தார். 1983-லும் அவரே ஜெயித்தார். யானையால் பாலைவனம் தாண்ட முடியும்னு உலகம் நம்ப ஆரம்பித்தது.

உயரம் குறைந்த சாம்பியன்

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் வருகிறார். கஸ்தோன் ரஹியே, பெல்ஜியம்காரர். 1984, 1985 இரண்டு வருஷமும் பி.எம்.டபிள்யூவில் டக்கரை ஜெயித்தவர். உயரம் ஐந்தரை அடிக்கும் குறைவு. பாலைவனத்துக்காகப் பெரிய டேங்கும் நீளமான சஸ்பென்ஷனும் வைத்த அந்த வண்டியில் உட்கார்ந்தால் அவர் கால் தரையில் எட்டாது. அதனால் வண்டி நகரும்போதே பக்கவாட்டில் தொத்தி ஏறிக் கிளம்புவார்.

"பெரிய பைக்குக்குப் பெரிய உடம்பு வேணும்"னு இன்னைக்கும் டீக்கடை முதல் ஷோரூம் வரை சொல்றாங்க இல்லையா? அதுக்கான பதில் நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. ரஹியே சும்மா வந்தவர் இல்லை. 1975, 76, 77 மூணு வருஷமும் 125 சிசி மோட்டோகிராஸ் உலக சாம்பியன். சின்ன வண்டியில் கற்றுக்கொண்டதைத்தான் பெரிய வண்டிக்குக் கொண்டுவந்தார். இந்த வரிசையை ஞாபகம் வைச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

இந்த ரேலியை வெறும் வீரக் கதையா சொல்லிட்டுப் போறது நியாயமில்லை. சாபினே 1986 ஜனவரியில், ரேலி நடந்துகொண்டிருக்கும்போதே, மாலியில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். 1987-ல் கஜிவா பைக்கில் முன்னிலையில் இருந்த ஓரியோல், முடிவுக்கு மிக அருகில் விழுந்து இரண்டு கணுக்காலும் உடைந்தது. அந்தக் காலோடு அன்றைய ஸ்டேஜை ஓட்டி முடித்துவிட்டுத்தான் விலகினார். வருஷங்கள் போகப் போக, போட்டியாளர்கள் மட்டுமில்லை, வழியில் நின்ற கிராமத்து மக்களும் இந்த ரேலியில் உயிரிழந்திருக்கிறார்கள்.

ரேஸ் ஒரு பக்கம், ஷோரூம் ஒரு பக்கம்

ஜெயித்த வண்டியை விற்கிறதுதானே வியாபாரம்? 1984-ல் 32 லிட்டர் டேங்கோடு ஆர் 80 ஜி/எஸ் 'பாரிஸ்–டக்கர்' மாடல் கடைக்கு வந்தது. 1986-லிருந்து 89 வரை தொடர்ந்து நாலு டக்கரை ஜெயித்த ஹோண்டா, அந்த ரேஸ் பைக்கின் சாயலில் 1988-ல் ஆஃப்ரிக்கா ட்வினைக் கொண்டுவந்தது. யமஹா 1989-ல் 750 சிசி சூப்பர் டெனெரேயை இறக்கியது.

இதுக்கு அப்புறம்தான் இரண்டு பாதையும் பிரிகிறது. 2002-ல் ஃபாப்ரிட்சியோ மெயோனி கே.டி.எம்-மின் 950 சிசி ட்வினில் டக்கரை ஜெயித்தார். இரட்டை சிலிண்டர் பைக் ஒன்று அந்தப் பந்தயத்தை ஜெயித்தது அதுதான் கடைசி. வேகத்தைக் கட்டுப்படுத்த விதிகள் இறுகின. 2011 முதல் டக்கரில் 450 சிசிக்கு மேல் பைக்குக்கு அனுமதியே இல்லை.

ஷோரூமில் நடந்தது நேரெதிர். 800 சிசி 1000 ஆச்சு, 1150 ஆச்சு, 1250 ஆச்சு. எடை 186-லிருந்து 249. ரேஸ்காரர்கள் இறக்கி வைத்த பாரத்தை வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கினார். தப்புன்னு சொல்ல வரலை. ரெண்டு பேர், லக்கேஜ், நாள் முழுக்க ஹைவே, இதுக்கெல்லாம் அந்த எடையில் நியாயம் இருக்கு. ஆனா ரோடு முடிஞ்சு மண் ஆரம்பிக்கிற இடத்தில், 450 சிசியில் ஒரு தொழில்முறை வீரர் செய்யறதை 250 கிலோவில் ஒரு ஆபீஸ்காரர் செய்யணும்னு ஆயிடுச்சு.

நம்ம தொழில் பாஷையில் சொல்லணும்னா, ப்ராடக்டை ரிலீஸ் பண்ணியாச்சு, டாக்குமென்டேஷன் இல்லை.

கல் குவாரியில் ஒரு பள்ளிக்கூடம்

அந்த டாக்குமென்டேஷன்தான் பயிற்சிப் பள்ளி. ஜெர்மனியின் ஹெக்லிங்கனில், ஒரு பழைய கல் குவாரியில், பி.எம்.டபிள்யூவின் எண்டூரோ பார்க் வந்தது. பிரிட்டனில் சைமன் பேவி என்ற ஆஸ்திரேலியர் வேல்ஸ் மலைப்பகுதியில் ஜி.எஸ் பைக்குகளுக்கான பள்ளியை நடத்தினார். அவர் டக்கரில் பலமுறை ஓடியவர்.

2004-ல் நடிகர் ஈவன் மெக்ரெகரும் சார்லி போர்மனும் ஆர் 1150 ஜி.எஸ் அட்வெஞ்சர் பைக்குகளில் லண்டனிலிருந்து கிழக்குப் பக்கமா நியூயார்க் வரைக்கும் போனார்கள். 'லாங் வே ரவுண்ட்' தொடர் அதுதான். கிளம்பும் முன் அவர்களும் பேவியிடம்தான் கற்றுக்கொண்டார்கள். அப்படியும் மங்கோலியச் சேறு அவர்களைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. அவர்களோடு போன கேமராமேன் க்ளாடியோவின் பி.எம்.டபிள்யூ பழுதானபோது, அங்கேயே ஒரு சின்ன ரஷ்ய பைக்கை வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அதிலேயே பயணத்தைத் தொடர்ந்தார். அந்தத் தொடரைப் பார்த்துப் பெரிய பைக் வாங்கினவங்க உலகம் முழுக்க இருக்காங்க. அந்தச் சின்ன பைக்கைக் கவனிச்சவங்க கொஞ்சம் பேர்தான்.

அங்கே என்ன சொல்லித்தர்றாங்க?

பல பள்ளிகளில் ஆரம்பப் பாடமே கீழே கிடக்கும் பைக்கைத் தூக்குவதுதான். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுசாத் திருப்பி, பைக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை ஊன்றி, பின்பக்கமா நடந்தே நிமிர்த்துவது. கையாலயும் இடுப்பாலயும் தூக்க மாட்டீங்க, தொடைதான் தூக்கும். விழாம ஓட்ட முடியாதுங்கிறதை முதல்லயே ஒத்துக்கிற பாடம் இது.

அடுத்தது, நின்றுகொண்டு ஓட்டுவது. "நின்னா செண்டர் ஆஃப் கிராவிட்டி கீழே போகும்"னு நிறையப் பேர் சொல்வாங்க. அது சரியில்லை. எழுந்து நின்றால் உடம்பு மேலே போகுது, சேர்த்துப் பார்த்தா செண்டர் ஆஃப் கிராவிட்டியும் மேலேதான் போகுது. நிஜத்தில் நடக்கிறது வேற. உட்கார்ந்திருக்கும்போது நீங்களும் வண்டியும் ஒரே கட்டி. நின்றதும் ரெண்டும் தனித்தனி. வண்டி கல்லில் குதிக்கும், ஆடும், உங்க முட்டி அதை உள்வாங்கிக்கும், தலை நேராவே இருக்கும். ஃபுட்பெக்கில் ஒரு காலை அழுத்தினாலே வண்டி அந்தப் பக்கம் சாயும். பார்வையும் தூரம் போகும்.

மெதுவா வளைக்கும்போது, ரோட்டில் மாதிரி வண்டியோடு சேர்ந்து சாயக் கூடாது. வண்டியைச் சாய்த்துவிட்டு உடம்பை வெளிப்பக்கம் வைக்கணும். மணலில் பயந்து த்ராட்டிலை விட்டீங்கன்னா முன்சக்கரம் புதையும். கொஞ்சம் பின்னால் எடையைத் தள்ளி, சீரா வேகம் கொடுத்து, தூரமாப் பார்க்கணும். உடம்பு "நிறுத்து"ன்னு கத்துகிற நேரத்தில் கை எதிர்மாறா வேலை செய்யணும். படிச்சா வராது, திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் வரும். அதுக்குத்தான் பள்ளி.

நம்ம பக்கம்

2015-ல் பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ் டக்கரை முடித்த முதல் இந்தியர் ஆனார், 36-ஆவது இடம். கோலார் பக்கம் ஆஃப்ரோடு பயிற்சி மைதானம் ஒன்றையும் தொடங்கினார். 2024-ல் கேரளாவின் ஹரித் நோவா, டக்கரின் 'ரேலி 2' பிரிவையே ஜெயித்தார். இரண்டு பேரும் ஓட்டியது 450 சிசி வகை வண்டிகள்.

இன்னொண்ணு. பி.எம்.டபிள்யூவின் ஜி 310 ஜி.எஸ் தயாரானது ஓசூரில், டி.வி.எஸ் தொழிற்சாலையில். எடை ஏறக்குறைய 175 கிலோ. 1980-ல் யானைன்னு சொன்ன ஆர் 80 ஜி/எஸ்-ஸும் இதுவும் எடையில் பக்கத்துப் பக்கம்! ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இன்னும் குறைவு, 154 கிலோ. அதாவது டக்கர் ஜெயித்தவங்க பழகின மாதிரி வண்டி நம்ம ஊர்ல சாதாரணமா ரோட்டில் ஓடிக்கிட்டிருக்கு.

ரஹியேவின் வரிசை ஞாபகம் இருக்கா? முதலில் சின்ன வண்டி, பிறகு பெரிய வண்டி. நம்மில் நிறையப் பேர் இதைத் திருப்பிப் போடுறாங்க. முதலில் ஐ.டி சம்பளத்தில் பெரிய பைக், அடுத்த மாசமே ஸ்பிட்டி ட்ரிப், பயிற்சி "அப்புறம் பார்த்துக்கலாம்". ஸ்பிட்டியில் தண்ணி ஓடும் பாதையில் 250 கிலோ வண்டிக்கு அடியில் கால் மாட்டினால், பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம்னு ஒரு தடவை மேப்பில் பார்த்துடுங்க. பைக்கில் போடுற பணத்தில் ஒரு சின்னப் பங்குதான் ரெண்டு நாள் பயிற்சிக்கு ஆகும். நண்பரோட எக்ஸ்பல்ஸை வாங்கி ஒரு மைதானத்தில் நின்னு ஓட்டிப் பார்க்கறதுக்கு அதுகூட ஆகாது. ஹெல்மெட்டும் பூட்ஸும் மட்டும் சரியானதாப் போட்டுக்கோங்க.

பெரிய பைக் வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. வாங்குங்க. வாங்கின வாரமே அதைப் புல் தரையில் மெதுவாப் படுக்க வைச்சு, தனியாத் தூக்கிப் பாருங்க. தூக்க முடிஞ்சா அடுத்த பாடத்துக்குப் போகலாம். முடியலைன்னா, ட்ரிப் தேதியைத் தள்ளி வைங்க.

நீங்க மண்ணில் ஓட்டக் கற்றுக்கிட்ட கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சேர்த்துக்கலாம். பார்த்துப் போங்க மக்களே.