பிரேக் ஆயில் சிவப்பா, மஞ்சளா?

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். வேலைதான் காரணம் என்று வழக்கமான பொய்யைச் சொல்லலாம். ஆனால் இந்த முறை உண்மையான காரணம் ஒரு விமானம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே விமானம்தான். ஹோஸ்கோட்டே பக்கம் ஒரு தென்னந்தோப்பில், தகரக் கொட்டகைக்குள், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை ஒரு பெரியவர் ஆறு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். விமானப் பராமரிப்பில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் 'சார்'. பெங்களூர் வந்து பதினெட்டு வருஷத்தில் சனிக்கிழமைகளை இவ்வளவு உருப்படியாகக் கழித்ததில்லை. வீட்டம்மாவின் கருத்து வேறு. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

அந்தக் கொட்டகையில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

அப்பா சேலத்தில் மெக்கானிக். லாரிதான் முக்கியம், அவ்வப்போது கார். எனக்கு ஏழெட்டு வயசில் அவர் கொடுத்த முதல் உத்தியோகம் பிரேக் அமுக்குவது. டிரைவர் சீட்டில் கால் எட்டாமல் விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். அப்பா வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுப்பார். "அமுக்கு... புடி... விடு." ஒவ்வொரு தடவையும் நிப்பிளிலிருந்து காற்றுக் குமிழி புஸ்ஸென்று வரும். குமிழி நிற்கிற வரைக்கும் அமுக்கு, புடி, விடு. ஒரு டாக்டரின் மோரிஸ் மைனர் அடிக்கடி வரும். அதன் பிரேக் சாமான்களில் 'லாக்ஹீட்' என்று போட்டிருக்கும். போர் விமானம் செய்கிற கம்பெனியேதான் இந்தக் காருக்கும் பிரேக் செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

அது தப்பு. ஆனால் முழுத் தப்பு இல்லை என்று பின்னால் தெரிந்தது.

கலிபோர்னியாவில் ஆலன், மால்கம் என்று இரண்டு சகோதரர்கள். ஓய்வு நேரத்தில் தாங்களே ஒரு விமானம் கட்டினார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் வீட்டு விமானம். 1913 ஜூன் 15 அன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தண்ணீரிலிருந்து அது கிளம்பியது. மிதவை வைத்த விமானம், சக்கரமே கிடையாது, அதனால் பிரேக் என்ற பேச்சும் இல்லை. 1915-ல் அதே ஊரில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஆளுக்கு 10 டாலர் வாங்கிக்கொண்டு சுமார் 600 பேரை அதில் ஏற்றி இறக்கினார்கள். மால்கமுக்கு மோட்டார் வாகனப் பைத்தியமும் உண்டு. அந்தக் காலத்துக் கார்களில் கம்பியும் கேபிளும் வைத்து இழுக்கிற பிரேக். ஒரு சக்கரம் முன்னால் பிடிக்கும், இன்னொன்று பின்னால் பிடிக்கும், வண்டி பக்கவாட்டில் திரும்பும். குழாயில் திரவத்தை அடைத்து அமுக்கினால் நாலு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம் போகுமே என்று யோசித்து 1917-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு டெட்ராய்ட் போய் பிரேக் கம்பெனியே ஆரம்பித்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. அவர்கள் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல் வாயில் நுழையாது. ஆளாளுக்கு ஒரு மாதிரி உச்சரித்தார்கள். எனவே மால்கம் தன் பிரேக்குக்கு 'லாக்ஹீட்' என்று ஒலிக்கிறபடியே எழுத்தை மாற்றினார். சகோதரர்களின் முதல் விமானக் கம்பெனி 1921-ல் படுத்துவிட்டது. 1926-ல் ஆலன் மறுபடி ஆரம்பித்தபோது தம்பி என்ன எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்று யோசிக்கவில்லை, அண்ணனின் பிரேக்கில் இருந்ததையே எடுத்துக்கொண்டார். ஆக உலகப் புகழ்பெற்ற விமானப் பெயர், பிரேக்கிலிருந்து வந்தது!

1921-ல் டியூசன்பெர்க் என்ற விலை உயர்ந்த அமெரிக்கக் காரில் நாலு சக்கரத்துக்கும் இந்த பிரேக் வந்தது. 1924-ல் கிறைஸ்லர் எடுத்துக்கொண்டபோது, மால்கமின் தோல் வாஷர்கள் ஒழுகுகின்றன என்று ரப்பர் கப்பாக மாற்றினார்கள். இந்த ரப்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் போனது அதில்தான்.

விமானத்துக்கு என்ன ஆயிற்று? ஆரம்ப காலத்தில் விமானக்காரர்கள் பிரேக்கைப் பற்றிக் கவலையே படவில்லை. நம் சென்னையிலேயே ஒரு வீட்டு விமானம் உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த தாஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் தன் விமானத்தைக் கட்டி 1910-ல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அந்தக் காலத்து விமானங்கள் இறங்குவது பரந்த புல்வெளியில். எந்தத் திசையில் காற்றோ அந்தத் திசையில் இறங்கலாம். வாலில் இருக்கும் கட்டை மண்ணை உழுதுகொண்டே போகும், வண்டி தானாக நின்றுவிடும். 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த விமானத்தில்கூட பிரேக் இல்லை. எடை மிச்சம்!

தார் ஓடுபாதை வந்தபிறகுதான் சிக்கல். கட்டை உழ மண் இல்லை. வால் கட்டை வால் சக்கரம் ஆனது, விமானம் கனத்தது, வேகம் கூடியது. அப்போதுதான் பிரேக் தேவைப்பட்டது. அதுவும் நிறுத்துவதற்கு மட்டுமில்லை, திருப்புவதற்கும். இடது காலால் அமுக்கினால் இடது சக்கரம் மட்டும் பிடிக்கும், விமானம் இடது பக்கம் திரும்பும். பர்ட் ரூட்டன் வரைந்த லாங்-ஈஸி என்ற வீட்டு விமானம் தெரியுமா? அதை வைத்து இங்கே பெங்களூரில் தேசிய விமானவியல் ஆய்வகத்தினர் ஒன்று கட்டி 1987-ல் பறக்கவிட்டார்கள். அதில் மூக்குச் சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி சும்மா சுழலும். தரையில் மெதுவாக உருளும்போது வழி காட்டுவது இரண்டு பிரேக்கும்தான். சாரின் விமானத்திலும் அதே ஏற்பாடு. ஒரு பிரேக் போனால் நிற்காது என்பது பாதிக் கதை. எந்தப் பக்கம் போகும் என்பதும் நம் கையில் இருக்காது.

அமைப்பு என்னவோ மோரிஸ் மைனர் மாதிரிதான். பெடலில் ஒரு சின்ன மாஸ்டர் சிலிண்டர், கீழே சக்கரத்தில் பெரிய பிஸ்டன். மேலே 2 சதுர செ.மீ. பிஸ்டனில் 40 கிலோ அமுக்கினால், கீழே 10 சதுர செ.மீ. பிஸ்டனில் 200 கிலோ கிடைக்கும். காற்று எடுக்கும் முறை மட்டும் தலைகீழ். குமிழி மேலேதானே போகும்? எனவே எண்ணெயைக் கீழே சக்கரத்து நிப்பிளிலிருந்து மேலே தள்ள வேண்டும். இதை நான் சாரிடம் கற்றுக்கொண்டு அப்பாவிடம் போனில் சொன்னபோது, "இத்தன வருஷம் உன்னைய அமுக்க வச்சது வேஸ்ட்டா?" என்றார்.

சரி, தப்புக்கு வருவோம். போன வருஷம் ஒரு சனிக்கிழமை. சார் ஊரில் இல்லை. இடது பக்க மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது. காற்று வெளியேறினால் அப்படி இறங்கும். அலமாரி பூட்டியிருந்தது. என் கார் டிக்கியில் பிரேக் ஆயில் பாட்டில் இருந்தது. மெக்கானிக் பையன் இல்லையா நான்? ஊற்றினேன். உள்ளே இருந்தது சிவப்பு, நான் ஊற்றியது மஞ்சள். அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து கொட்டகைக்கு முன்னால் மண் பாதையில் சார் விமானத்தை உருட்டிப் பார்த்தார். பறக்க இன்னும் அனுமதி வரவில்லை, உருட்டல் மட்டும்தான். நல்ல வேளை. பாதி தூரத்தில் விமானம் தானாக இடது பக்கம் இழுத்தது. சார் காலை எடுத்தும் இடது பிரேக் விடவில்லை. தென்னை மரத்துக்கு இரண்டு ஆள் தூரத்தில் எஞ்சினை நிறுத்தினார். இடது டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்றது.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். "என்ன ஆயில்டா ஊத்துன?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். "ரப்பர் ஊதிருக்கும். நம்ம கப்ப மண்ணெண்ணெய்ல கழுவுனா ஊதுமே, அந்த மாதிரி. அவுத்துப் பாரு."

இங்கேதான் சரித்திரம் குறுக்கே வருகிறது. ஆரம்பத்தில் காரில் ஊற்றியது ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. இயற்கை ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஆமணக்கெண்ணெய் ஆகும். (எங்கள் சேலத்து மானாவாரிக் காட்டில் விளைகிற அதே ஆமணக்கு.) பழைய விமானங்களிலும் இதே சாதிதான், நீலச் சாயம் போட்டிருப்பார்கள். பிறகு இரண்டாம் உலகப்போர் காலத்தில் செயற்கை ரப்பர் வந்தது. அதற்கு பெட்ரோலிய எண்ணெய் ஒத்துக்கொண்டது. உயரத்தில் மைனஸ் 54 டிகிரியிலும் கெட்டியாகாத எண்ணெய் வேண்டும், தண்ணீரை உறிஞ்சக்கூடாது, துரு பிடிக்கக்கூடாது. எனவே விமானம் சிவப்புச் சாயம் போட்ட தாது எண்ணெய்க்குப் போய்விட்டது. கார் கிளைக்கால் வகைத் திரவத்துக்குப் போனது. அது தண்ணீரை உறிஞ்சும், ஆனால் தனக்குள் கலந்துவிடும், தனியாக ஆவிக் குமிழி ஆகவிடாது. ஒரே மனிதரின் பிரேக், இரண்டு வம்சம். ஒன்றின் எண்ணெய் மற்றதன் ரப்பருக்கு விஷம். சிவப்பு எண்ணெயிலும் ஒரு குறை உண்டு, சீக்கிரம் தீப்பிடிக்கும். நன்றாகச் சூடான டிஸ்க்கின் மேல் ஒழுகினால் அவ்வளவுதான். அன்று ஒழுகவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கொட்டகை வாசலில் கால் மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். இடது பக்கம் முழுக்கக் கழற்றினோம். ஓ-ரிங் ஒன்று தடித்துப் போய், நகத்தால் அழுத்தினால் குழைந்தது. குழாய்களை ஆல்கஹாலில் கழுவி, எல்லா ரப்பரையும் மாற்ற மூன்று வாரம் ஆனது. இரண்டு மாஸ்டர் சிலிண்டர் மேலேயும் சார் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டார். எனக்காகத்தான்.

பொங்கல் முடிந்து அப்பா வந்திருந்தார். கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சார் அவரைக் காக்பிட்டில் உட்கார வைத்தார். நான் கீழே சக்கரத்தடியில் எண்ணெய் கேனோடு படுத்து, சிவப்பு எண்ணெயை மெதுவாக மேலே தள்ளினேன். குமிழி நின்றதும் நிப்பிளை இறுக்கினேன்.

"அமுக்குங்கப்பா."

அமுக்கினார்.

"புடிங்க... விடுங்க."

"கெட்டியாத்தான்டா இருக்கு," என்றார். கேட்காமலேயே இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார்.