"இல்லை" என்பதைப் படத்தில் எங்கே காட்டுவது?

1895 நவம்பரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள் மருத்துவர்கள் அவற்றைக் கையாளத் தொடங்கினர். படத்தில் கண்டதைப் பிற மருத்துவருக்கு எழுதித் தெரிவிக்கும் தேவையிலிருந்து கதிரியக்க அறிக்கை என்னும் எழுத்துவகை உருவாயிற்று. மருத்துவப் படத்தையும் மொழியையும் இணைத்துக் கற்கும் செயற்கை நுண்ணறிவின் வரலாறு, அந்த எழுத்துவகையை எந்திரம் எவ்வாறு வாசித்தது என்பதன் வரலாறும் ஆகும்.

இவ்வறிக்கையில் எதிர்மறைகள் மிகுதி; ஐயங்களும் மிகுதி. 'நிமோனியா இல்லை', 'நிமோனியாவை விலக்கிவிட இயலாது' என்னும் இரண்டும், சொல்லை மட்டும் தேடும் எந்திரத்துக்கு நிமோனியாவே. இதைக் களைய 2001இல் வெண்டி சாப்மேன் குழுவினர் 'நெக்எக்ஸ்' என்னும் எளிய வழிமுறையை வெளியிட்டனர். எதிர்மறைத் தொடர் எச்சொல்வரை ஆட்சி செய்கிறது என்பதை அது விதிகளால் கணித்தது.

2017இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மார்புப் படங்களை வெளியிட்டது. அவற்றின் நோய்க்குறிகளை அறிக்கைகளிலிருந்து பிரித்தெடுத்தது மென்பொருளே. 2019இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட 2,24,316 படங்களின் தொகுப்பில் 'உண்டு', 'இல்லை' என்பவற்றோடு 'உறுதியில்லை' என்னும் குறியும் இடம்பெற்றது. மருத்துவரின் ஐயம் தரவாக ஏற்கப்பட்டது.

2020இல் வந்த 'கான்விர்ட்' குறிகளையே விடுத்து, படத்தையும் அதற்குரிய அறிக்கையையும் நேரடியாகப் பொருத்திக் கற்றது. அம்முறையின் எளிய வடிவத்தையே 2021இல் 'கிளிப்' 40 கோடி இணையப் படங்களுக்கு விரித்தது. பொதுத்துறைக்கு மருத்துவம் வழிகாட்டிய அரிய தருணம் அது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. அறிக்கை எழுதக் கற்ற எந்திரங்கள், ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு 'முந்தைய படத்தைவிட நீர் குறைந்துள்ளது' என எழுதின. மருத்துவர் இரு படங்களை ஒப்பிட்டு எழுதிய தொடர் அது. எந்திரம் கற்றதோ தொடரை மட்டும். பயிற்சி அறிக்கைகளிலிருந்து இத்தகைய தொடர்களை நீக்கும் முயற்சி 2022இல் வெளிவந்தது.

மொழியியல் மாணவர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் எதிர்மறை பெரும்பாலும் நோய்ப்பெயருக்கு முன் வருகிறது. தமிழிலும் இந்தியிலும் பின் வருகிறது. நோயாளியின் மொழியில் அறிக்கை தர முனையும்போது, ஆங்கிலத்துக்கு வகுத்த விதிகள் அப்படியே பொருந்தா. வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் ஒரு 'இல்லை' விடுபட்டால், நலமாக உள்ளவர் நோயாளி ஆகிவிடுவார்.