இலுப்பைப் பூ

"ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்று முதன்முதலில் சொன்னவர் யாரோ, அந்த மரத்துக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டார்!

என் பாட்டியின் ஊரில் கோயிலுக்குப் பின்னால் ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. பங்குனி மாதத்தில் விடியுமுன் கூடையுடன் போவோம். இரவெல்லாம் உதிர்ந்த பூக்கள் தரையில் வெள்ளையாய்க் கிடக்கும். தித்திப்புத்தான், ஆனால் அந்த வாடைக்கு நாலு பூவுக்கு மேல் நான் தின்றதில்லை.

இலுப்பையின் பெருமை விதையில் இருக்கிறது. சோழர் கல்வெட்டுக்கள் பலவற்றில், ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விட்ட செய்தியைக் காண்கிறோம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அது தனவந்தர் ஏற்றிய விளக்கு. ஆட்டுக்கு வகையில்லாத சிற்றூர்களில் சந்நிதி இருளைப் போக்கியது, செக்கில் ஆட்டிய இலுப்பெண்ணெய். மிஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்துத் தேய்த்துப் பாட்டி தலைமுழுகுவாள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமையெண்ணெய் வந்தது, பின்னர் மின்சாரம். வேலை போன மரத்துக்குக் கட்டை விலைதான் மிச்சம். எங்கள் தோப்பும் ஏலத்தில் போயிற்று. நட்டுப் பலன் காணப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் மரத்தை மறுபடி யார் நடுவார்கள்?

சென்ற வருஷம் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். சந்நிதியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "என்ன எண்ணெய்?" என்று குருக்களைக் கேட்டேன்.

"கடையிலே வாங்கினதுதான், சார். பாட்டில்மேலே இலுப்பை எண்ணெய்னு போட்டிருக்கு" என்றார்.