எலுமிச்சை மரத்தின் சோகம் – ஒரு சிறு வரலாறு

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "இயந்திரம், மோட்டார்னு எழுதிடாதப்பா, யாரும் படிக்க மாட்டாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் எங்கள் ஊர் எலுமிச்சை மரத்தைப் பற்றி எழுதுகிறேன். தாவரவியல் படித்த நண்பர்கள் பிழை இருந்தால் பொறுத்தருள்க!

என் சொந்த ஊர் ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை இருக்கிறதே, அதே ஊர்தான். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அம்மாச்சி வைத்த எலுமிச்சை மரம் ஒன்று இருந்தது. ஊரில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பழம் அங்கிருந்துதான் போகும். அம்மாச்சி காலமான சில வருடங்களில் மரம் சுணங்க ஆரம்பித்தது. நுனிக் கிளைகள் காய்ந்தன, இலை வெளிறியது, காய் கோலிக்குண்டு அளவில் நின்றது. "கிணத்துத் தண்ணி உப்பு" என்றார் ஒருவர். "பட்டாசு மருந்துக் காத்து" என்றார் இன்னொருவர். "கண்ணு பட்டுருச்சு" என்றார் அத்தை. அப்பா மூட்டை மூட்டையாக எரு வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

விடை தேடிப் படிக்கப் போன எனக்குப் பெரிய சரித்திரமே கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அசோர்ஸ் தீவுகளில் ஆரஞ்சு மரங்களின் அடித்தண்டு அழுகிச் செத்தது. கசப்பு ஆரஞ்சின் வேர் அந்த அழுகலைத் தாங்கும் என்று கண்ட விவசாயிகள், அதன் மேல் இனிப்பு ஆரஞ்சை ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். உலகின் பல நாடுகளுக்கும் இந்த முறை பரவியது. ஒரு நோய்க்குக் கண்ட மருந்தே இன்னொரு நோய்க்கு வாசல் திறந்துவிட்டது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1930களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் இந்த ஒட்டு மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் மட்டும் சுமார் 60 லட்சம் மரங்கள் போயின. அங்கே வைத்த பெயர்தான் "டிரிஸ்டெசா". போர்த்துகீசிய மொழியில் சோகம் என்று பொருள். அங்கேயும் முதலில் மண்ணையும் தண்ணீரையும்தான் குற்றம் சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் விதிவிலக்கா என்ன!

1946இல் முடிச்சு அவிழ்ந்தது. கலிபோர்னியாவில் ஃபாசெட், வாலஸ் இருவரும் நோயுள்ள மரத்தின் மொட்டை நல்ல மரத்தில் ஒட்டினால் நோய் தொற்றுகிறது என்று காட்டினர். அதே ஆண்டு பிரேசிலில் மெனெகினி, அசுவினிப் பூச்சி அதைப் பரப்புகிறது என்று நிரூபித்தார். காரணம் ஒரு வைரஸ். நூல் போன்ற அதன் நீளம் சுமார் 2000 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 500 வைரஸை வரிசையாகப் படுக்க வைக்கலாம்! கசப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டிய மரத்தில், ஒட்டுக்குக் கீழே பட்டையிலுள்ள உணவுக் குழாய்களை அது சாகடிக்கிறது. இலை சமைத்த சாப்பாடு வேருக்குப் போகாது. வேர் பட்டினி கிடந்து செத்தால் மரமும் சாகும். எங்கள் பாஷையில் சொன்னால் ஜாயிண்ட்டில் அடைப்பு.

நம் நாட்டில் 1958இல் வாசுதேவாவும் கபூரும் அன்றைய பம்பாய் மாநிலத்தில் இந்நோய் இருப்பதை அறிவித்தனர். ஆனால் நம் நாட்டு ஆரஞ்சுத் தோட்டங்கள் நலிந்ததற்கு இன்னொரு குற்றவாளியும் இருந்தான். 1966இல் ஆஸ்திரேலியாவின் லிலியன் ஃபிரேசர் நம் விஞ்ஞானிகளோடு சேர்ந்து "கிரீனிங் வைரஸ்" என்று அவனை அடையாளம் காட்டினார். அடுத்த வருடமே கபூர் குழு, ஒரு சிறு சாறு உறிஞ்சும் பூச்சி அதைப் பரப்புவதைக் கண்டது. கறிவேப்பிலைச் செடியிலும் வாழும் பூச்சி அது. 1970இல் பிரான்சில் எலெக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தபோதுதான் அது வைரஸே இல்லை என்று தெரிந்தது. பின்னால் அது ஒரு வகை பாக்டீரியா என்று முடிவானது. பழனி மலைச்சரிவுகளின் கமலா ஆரஞ்சு குறைந்துபோனதில் இந்த கிரீனிங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, எங்கள் மரம்? எலுமிச்சைக்கு ஒட்டு, ஜாயிண்ட் எதுவும் தேவையில்லை, விதையில் முளைத்த மரத்தையே டிரிஸ்டெசா நேராகத் தாக்கும். அதனால்தான் உலகமெங்கும் இந்த வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க நம் சிறு எலுமிச்சை வகையையே வைத்திருந்தார்கள். இளம் இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் நரம்புகள் விட்டுவிட்டு வெளிறித் தெரியும். பட்டையை உரித்தால் கட்டையில் குழி குழியாக இருக்கும். லீவில் போனபோது ஒரு கிளையை உரித்துப் பார்த்தேன். உளியால் கொத்தியது போல் நிறையக் குழிகள். உறுதி செய்ய ஆய்வகச் சோதனை வேண்டும்தான். ஆனாலும் எனக்குச் சந்தேகம் பெரிதாக இல்லை.

புது வீட்டில் வைக்க அப்பா அந்த மரத்தில் பதியம் போட்டு வைத்திருந்தார். "இதுக்கு வைத்தியம் கிடையாதுப்பா, பதியத்திலும் நோய் கூடவே வரும்" என்றேன். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "உங்க அம்மாச்சி கைபட்ட மரம்யா. வெட்டிப் போடுன்னு சொல்றியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் மரத்திலேயே இருந்தது. இந்த வைரஸ் விதை வழியாகப் பரவுவதில்லை. அதோடு எலுமிச்சை விதையில் முளைக்கும் கன்றுகளில் பல, தாய்மரத்தின் அச்சாகவே இருக்கும். அதாவது அம்மாச்சியின் மரம் வேண்டும், நோய் வேண்டாம் என்றால் விதைதான் வழி. இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கிடந்ததில் நல்ல பழமாக நாலு பறித்து வந்து என் கையில் கொடுத்தார்.

பதியத்தை எரித்தோம். மரத்தையும் வெட்டினோம். கன்றுகளை அசுவினி அண்டாமல் வலைக்குள் வளர்த்தோம். இப்போது இரண்டு மரங்கள் இடுப்பளவு நிற்கின்றன. காய்க்க இன்னும் சில வருடம் ஆகும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாக்பூரில் 1985இல் தொடங்கிய தேசிய எலுமிச்சையின ஆய்வு மையம் இன்று மத்திய ஆய்வு நிலையமாக வளர்ந்திருக்கிறது. தாவரவியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிப்பவர்களுக்கு அங்கெல்லாம் வேலை காத்திருக்கிறது. மற்றவர்கள் கன்று வாங்கும்போது, "தாய்மரத்துக்கு வைரஸ் சோதனை செஞ்சாச்சா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் ஒன்றுக்கு எங்கள் வீட்டு எலுமிச்சையில் ஜூஸ் நிச்சயம்!