வெப்பச்சலனம்

(பெயர்ச்சொல்) வெப்பம் + சலனம். வெப்பம் தமிழ், ‘வெம்மை’க்கு உறவு. சலனம் வடமொழி, அசைவு என்று பொருள். அசையாத மலை ‘அசலம்’ ஆனதும் (அருணாசலம்), சினிமா அந்நாளில் ‘சலனப்படம்’ ஆனதும் இதே வேரிலிருந்துதான்.

பள்ளி அறிவியலில் கடத்தல், கதிர்வீச்சு இரண்டோடும் சேர்ந்து வரும் சொல் இது: சூடேறிய காற்றோ நீரோ தானே இடம்பெயர்ந்து வெப்பத்தைக் கொண்டுபோவது.

செங்கல்பட்டுப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நண்பகலில் மாமல்லபுரத்து மணல் காலைப் பொசுக்கும். பக்கத்திலேயே கடல்நீர் அவ்வளவு சுடாது. தரையை ஒட்டிய காற்று சூடாகி, லேசாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடற்காற்று உள்ளே வரும். மேற்கிலிருந்து வீசும் காற்றோடு அது மோதுமிடத்தில் ஈரக்காற்று மேலேறும். மேகம் திரளும்வரை ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிரும். நீராவி துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் மேகத்தை இன்னும் உயர்த்தும். சாயங்காலம் இடியோடு மழை.

‘வெப்பச்சலனம் காரணமாக மழை’ என்று வானிலை அறிக்கை சொல்வது இதைத்தான். வெறும் கடும் வெயிலுக்கு இச்சொல்லை ஆள்வது பிழை. காற்று மேலெழுந்தால்தான் சலனம்.